வடசென்னைக்கு வந்த திட்டங்கள்: ஐம்பது ஆண்டுக் கணக்கு

2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்றுதான் அறிவித்திருந்தார்கள். விழா மேடைக்கு வந்தபோது பதினொரு துறைகளின் பணிகளும் சேர்ந்து தொகை 4,181 கோடியாகியிருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனைக் கட்டடம், பேருந்து நிலையம், சந்தை, சலவைக்கூடம், விளையாட்டுத் திடல், வாரியக் குடியிருப்பு என்று பட்டியல் நீண்டது. பொறுப்பேற்றது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அப்போது குழுமத்தின் தலைவராக இருந்த அமைச்சர் பி.கே. சேகர்பாபு துறைமுகம் தொகுதிக்காரர். அப்போதைய முதலமைச்சரின் தொகுதி கொளத்தூர். 2022இல் மேயரான பிரியா, திரு.வி.க. நகர் பகுதியின் 74ஆவது வார்டில் வென்றவர். அதிகாரத்தில் இருந்த மூவருக்கும் ஓட்டுப் போட்ட ஊர் இதுதான்.

இத்தனை பணம் ஒரே சமயத்தில் வடசென்னைப் பக்கம் திரும்பியது அபூர்வம். திட்டம் வந்தது மட்டும் புதிதில்லை. குடிசை மாற்று வாரியம் பிறந்த 1970இலிருந்து எண்ணினால், நகரத்து ஏழைகளின் பகுதிகளைச் சீராக்க அரசு எடுத்த நான்காவது பெரிய முயற்சி இது. முந்தைய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘இங்கிருந்து நம்மைக் கிளப்ப மாட்டார்கள்’ என்ற உறுதி எங்கே கிடைத்ததோ, அங்கே அரசின் பணம் தீர்ந்த பிறகும் ஜனங்கள் தாங்களாகவே கட்டி எழுப்பினார்கள். அந்த உறுதி இல்லாத இடங்களில் அரசு கட்டிக்கொடுத்தது ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. இப்போதைய திட்டத்தையும் இந்த அளவுகோலை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேலையும் புகையும் வந்த வழி

நகரம் பிறந்ததே வடக்கில்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1870, 80களில் வந்தன. அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். துறைமுகம், ரயில்வே பணிமனை, தோல் கிடங்கு, பிறகு ஐ.சி.எஃப். என்று வேலை இருந்த இடத்தைச் சுற்றிக் குடிசைகள் முளைத்தன.

விடுதலைக்குப் பிறகு வந்த தொழில்களின் குணம் வேறு. 1960களின் பிற்பகுதியிலிருந்து மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் வந்தன. நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்குப் போனது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட, பின்னி ஆலை என்று அறியப்பட்ட அந்தப் பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. சென்னை தன் வீட்டுக் கொல்லைப்புறமாக வடக்கை வைத்துக்கொண்டது. தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் பெட்ரோலையும் அங்கிருந்து எடுத்தது, வேண்டாத குப்பையை அங்கே கொட்டியது. ஆகவே வடசென்னையின் குறையை வெறும் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. எதை எங்கே வைப்பது என்று எடுத்த முடிவுகளின் விளைவு அது.

முதல் அலை: குடிசை இருந்த இடத்தில் மாடி

1970இல் வாரியம் தொடங்கியபோது ஏழே ஆண்டுகளில் சென்னையைக் குடிசையில்லா நகரமாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். 1971இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த கணக்கெடுப்பை வைத்து 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. அங்கிருப்பவர்களை நினைத்தபடி காலி செய்ய முடியாது, தண்ணீர், விளக்கு, கழிப்பறை கேட்க வழி உண்டு. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்து எண்ணிக்கை 1,219 ஆனது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் புதிதாக ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஊர் எத்தனையோ மடங்கு பெருத்தது, சட்டத்தின் பட்டியல் மட்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு முளைத்த குடியிருப்புகள் எல்லாம் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன.

முதல் அலையின் நல்ல அம்சம், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டியது. மீனவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது, மூட்டை தூக்குபவருக்குத் துறைமுகம் நடக்கும் தூரத்தில் இருந்தது. வீடு மிகச் சிறியது, செலவு அதிகம், கட்டும் வேகம் குறைவு. ஏழு ஆண்டில் முடியவில்லை. அதைவிடப் பெரிய குறை, வீட்டுக்காரர் கையில் இருந்தது ஒதுக்கீட்டு ஆணை என்ற ஒரு தாள்தான். கட்டடம் வாரியத்துக்குச் சொந்தம், ஒழுகினால் வாரியம் வந்து பார்க்க வேண்டும். வாரியத்திடம் அதற்குப் பணமும் ஆளும் என்றுமே போதுமான அளவு இருந்ததில்லை.

இரண்டாம் அலை: மனையும் பத்திரமும்

1977இல் உலக வங்கி கடனுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. வீடு கட்டித் தருவது கட்டுப்படியாகாது, நிலத்தையும் அடிப்படை வசதிகளையும் கொடுத்துவிட்டால் மீதியை மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது இதன் அடிப்படை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முதலில் மனைகள் பிரிக்கப்பட்டன.

அந்த முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மிகச் சிறிய மனைகளே எண்ணிக்கையில் அதிகம். அவற்றில் அரசு ஒரு கழிப்பறையையோ அடித்தளத்தையோ, கொஞ்சம் வசதி உள்ளவருக்கு ஓர் அறையையோ கட்டித் தந்தது. தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கு இடம் ஆகியவை முதலிலேயே வந்தன. அதே மனைப்பிரிவில் சாலையோரத்துப் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த வரும்படியை வைத்துச் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். வாங்கியவர் மாதத் தவணை கட்டினார். கையில் காசு சேரும்போது ஒரு சுவர், அடுத்த ஆண்டு தளம், பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு மாடி என்று வீடு வளர்ந்தது. மாடியை வாடகைக்கு விட்டால் தவணைக்கு ஆயிற்று.

1990களில் உலக வங்கி இந்த வழியைக் கைவிட்டது. குடியேற்றம் மெதுவாக நடந்தது, தவணை வசூல் சரியில்லை, மனைகள் வசதியானவர்கள் கைக்கு மாறுகின்றன என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆனால் சென்னையிலும் மும்பையிலும் அதே மனைப்பிரிவுகளை இருபது ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. தோல்வி என்று எழுதிவைத்த இடங்கள் நல்ல குடியிருப்புப் பகுதிகளாக மாறியிருந்தன. பல வருமான நிலையினரும் கலந்து வாழ்ந்தார்கள், சிறு மனைகள் இருந்ததால் எளியவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஐந்தாண்டு முடிவில் தோற்றது இருபதாண்டு முடிவில் ஜெயித்திருந்தது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு பணி, இருக்கும் குடிசைப் பகுதிகளுக்கே பாதை, குழாய், விளக்கு கொடுத்து, அந்த நிலத்தையும் தவணை முறையில் குடியிருப்பவருக்கே தருவது. இதில்தான் ஒரு முடிச்சு விழுந்தது. நிலம் வாரியத்துக்குச் சொந்தமாக இல்லை. மாநகராட்சி, பொதுப்பணித் துறை, கோயில், ரயில்வே என்று ஆளுக்கொரு துண்டு. அந்தத் துறை நிலத்தை வாரியத்துக்கு மாற்றிக் கொடுத்தால்தான் வாரியம் விற்பனைப் பத்திரம் எழுத முடியும். பல இடங்களில் அந்த மாற்றம் நடக்கவேயில்லை. கடைசித் தவணை வரை கட்டிவிட்டு, ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பத்திரத்துக்காக அலைந்த குடும்பங்கள் ஏராளம். மகன் பெயருக்கு மாற்றவோ வங்கியில் கடன் வாங்கவோ ரசீது உதவாது.

மூன்றாம் அலை: ஊருக்கு வெளியே

2000க்குப் பிறகு காற்று மாறியது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர் எழுந்தது. பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கம். கால்வாய், ஆற்றோரத்துக் குடும்பங்கள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். வீட்டுவேலைக்குப் போன பெண்கள் முதலில் வேலையை இழந்தார்கள். காலை ஐந்து மணிக்குப் பஸ் பிடித்து வந்து இரண்டு வீடு வேலை பார்த்துத் திரும்பினால் மிச்சம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பள்ளியை நிறுத்தினார்கள். ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கினார்கள். கட்டடமாக எண்ணினால் இது மாநிலத்தின் மிகப் பெரிய குடியிருப்புச் சாதனை. வாழ்க்கையாக எண்ணினால் மூன்று அலைகளில் மிக மோசமானது.

2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே மறுகுடியமர்வை ஊருக்குள்ளேயே செய்ய வேண்டும் என்ற பேச்சு அரசின் வாயிலிருந்தும் வலுவாக வந்தது. 2021இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருந்தது.

இடித்துக் கட்டும் கணக்கு

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி சரிந்து 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. உயிர்ச்சேதம் இல்லை. முதல்நாள் இரவே விரிசலைப் பார்த்துப் பயந்த குடியிருப்போர் காலையில் வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததைத் தொலைக்காட்சிகள் காட்டின. ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. பழையது இடிகிறது, புதியது உதிர்கிறது என்றால் கோளாறு வயதில் இல்லை. கட்டும்போது கேள்வி கேட்கும் உரிமை குடியிருக்கப்போகிறவருக்கு இல்லாததில் இருக்கிறது.

வடசென்னைத் திட்டத்தில் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டித் தருவது முக்கியப் பங்கு. முதல் அலையின் நல்ல குணத்துக்குத் திரும்புவது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. நடுவில் குடும்பம் எங்கே போகும் என்பதுதான் சிக்கல். காலி செய்பவருக்குக் கொடுக்கும் கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்தது, 2021இல் அதை 24,000 ஆக்கினார்கள். மூன்று மடங்கு உயர்வு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனால் மாதத்துக்கு 1,000 ரூபாய். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ அந்தக் காசுக்குக் கதவுள்ள ஓர் அறை கிடைக்காது. அட்வான்ஸுக்கே கடன் வாங்க வேண்டும். கட்டுமானம் தாமதமானால் அந்தக் கடன் வட்டியோடு வளரும்.

இப்போதைய திட்டத்தின் பலம்

திட்டத்தில் நல்லவை உண்டு. கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த ‘முதல்வர் படைப்பகம்’ ஒன்றைச் சொல்லலாம். வேலை பார்க்கக் கணினி மேசைகளும் போட்டித் தேர்வுக்குப் படிக்க அமைதியான இடமும் ஒரே கட்டடத்தில். படிப்பவருக்கு அரை நாளுக்கு 5 ரூபாய், வேலை செய்பவருக்கு 50 ரூபாய். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு, அதிலும் மாலை ஏழு மணிக்கு டி.வி. ஓடும் வீட்டில், இந்த மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. சலவைத் தொழிலாளருக்கு இயந்திரக்கூடம், அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய கட்டடம், மாநகராட்சிப் பள்ளிகள் போன்றவையும் இருக்கிற மக்களின் அன்றாடத்தைத் தொடுபவை. ஆளை நகர்த்தாமல் வசதியை நகர்த்துவது என்ற அளவில் இது மூன்றாம் அலையிலிருந்து தெளிவான விலகல்.

பதினொரு துறைகள், ஒரு தெரு

யார் பொறுப்பு என்ற கேள்வியில்தான் திட்டம் தள்ளாடுகிறது. ஒரே தெருவில் சாலையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை, குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையவை, கேபிள் மின்வாரியத்துடையது, வீடு வாழ்விட வாரியத்துடையது. புதிதாகப் போட்ட ரோட்டை அடுத்த மாதமே இன்னொரு துறை தோண்டுவதைச் சென்னைக்காரர் யாரும் கண்டு ஆச்சரியப்படுவதில்லை. பெருநகர வளர்ச்சிக் குழுமம் அடிப்படையில் நிலப் பயன்பாட்டை வகுத்து, கட்டட அனுமதி தரும் அமைப்பு. அது பணத்தைத் திரட்டிப் பிற துறைகளை வைத்துக் கட்டுகிறது. நாடாவை வெட்டிய பிறகு துறைகள் கலைந்துவிடும். தெருவில் மிச்சமிருப்பவர் கவுன்சிலர் மட்டுமே.

அந்தக் கவுன்சிலரும் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னைக்கு இல்லை. உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராமசபையைப் போல நகரத்துத் தெருக்காரரும் உட்கார்ந்து பேச ஓர் இடம். ஆனால் கோடிக்கணக்கான திட்டத்தின் பட்டியல் மேலே முடிவாகிறது. பகுதி சபைக்கு வருவது அடைத்த சாக்கடையும் எரியாத விளக்கும்தான். எங்கள் தெருவுக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்கிற சபையும், எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கிற மேசையும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

காற்றும் தண்ணீரும்

கொடுங்கையூர்க் குப்பைமேடு 250 ஏக்கருக்கும் அதிகம். அங்கே பல பத்தாண்டாகச் சேர்ந்த சுமார் 66 லட்சம் டன் குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் பணி தொடங்கியிருக்கிறது. வடசென்னைக்கு நடந்த நல்ல காரியங்களில் இதற்குத் தனி இடம் தரலாம். அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கும் மாநகராட்சி ஏற்பாடு செய்தது. 2025இல் அப்பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். ஒரு கையால் மேட்டைக் கரைத்து மறு கையால் புகைக்கூண்டு நடுவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

எண்ணூரின் கதையும் இதுவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். வலை வீச முடியாத ஆற்றின் கரையில் நவீன மீன் அங்காடி கட்டினால் அங்கே விற்க மீன் வேண்டுமே. புதிய மாசு எதையும் இங்கே சேர்க்க மாட்டோம் என்ற உறுதி இல்லாமல் வடசென்னைக்கு வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று இருக்க முடியாது.

கட்டிய பிறகு: மெதெயின் காட்டுவது

நகரத் தலைவர் ஒருவர் ஏழைப் பகுதிகளை மாற்றிக் காட்டிய உதாரணமாக உலகம் முழுக்கச் சொல்லப்படுவது கொலம்பியாவின் மெதெயின். 1991இல் லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலைகள் நடந்த ஊர். மலைச்சரிவில் தொங்கிய குடியிருப்புகளுக்கு 2004இல் கம்பிவட வண்டி போனது. 2004 முதல் 2007 வரை மேயராக இருந்த கணிதப் பேராசிரியர் செர்ஹியோ ஃபஹார்தோ, நகரத்தின் மிக அழகான கட்டடங்கள் மிக ஏழ்மையான பகுதியில்தான் எழ வேண்டும் என்ற கொள்கையோடு நூலகப் பூங்காக்களைக் கட்டினார். அதற்குப் பணம் வந்த வழி முக்கியம். மின்சாரமும் தண்ணீரும் வழங்கும் நிறுவனம் நகரத்துக்கே சொந்தம். அதன் லாபத்தில் பெரும்பங்கு ஆண்டுதோறும் மாநகராட்சிக்கு வருகிறது. யார் மேயராக வந்தாலும் அந்தப் பணம் நிற்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரிலும் புகழின் உச்சியில் இருந்த சாந்தோ தொமிங்கோ நூலகம் 2007இல் திறந்து, பத்தாண்டு ஆவதற்குள் கட்டுமானக் கோளாறால் மூடப்பட்டது. உலகப் பத்திரிகைகளின் அட்டையில் வந்த கட்டடம், அருகில் இருந்த பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவாக ஆண்டுக்கணக்கில் நின்றது. சென்னைக்கு இதில் இரண்டு பாடம். அழகான கட்டடத்தை ஏழைப் பகுதியில் கட்டுவது வீண் ஆடம்பரம் இல்லை. அதைப் பராமரிக்க வருடா வருடம் வரும் பணத்தை முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் அந்த அழகு நிற்காது. குடியிருப்போர் சங்கம் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இந்தத் திசையில் ஒரு சிறு அடி.

விலை ஏறும்போது

பகுதி நன்றாகிவிட்டால் வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை போனது. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், அதன் பின்னால் வாடகை ஏறும். சொந்தப் பத்திரம் உள்ளவருக்கு அது லாபம். ஒதுக்கீட்டு ஆணைக்காரருக்குச் சந்தேகம். வாடகைக்காரருக்கு வெளியேற்றம். பத்திரம் கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதும் பொய்யில்லை, சிலர் விற்பார்கள். ஆனால் கொடுங்கையூர், வில்லிவாக்க மனைகளின் அனுபவம், சிறு மனைகள் சிறியவையாகவே இருந்தால் எளியவர்கள் முழுக்கத் துடைத்தெடுக்கப்படுவதில்லை என்று காட்டுகிறது. விற்றவரும் தன் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு போனார். கண்ணகி நகருக்கு லாரியில் ஏற்றப்பட்டவருக்கு அதுவும் இல்லை. வாடகைக்காரரைப் பற்றி மட்டும் நான்கு அலைகளில் எதுவுமே சரியாக யோசிக்கவில்லை. நகரத்துக்குள் குறைந்த வாடகை வீடு என்ற பேச்சு இங்கே இன்னும் வலுப்பெறவில்லை.

எதை வைத்து அளப்பது

2025 பிப்ரவரியில் மாநில அமைச்சரவை, ஆட்சேபமற்ற அரசு நிலங்களில் நீண்டகாலம் குடியிருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தது. சென்னையைச் சுற்றிப் பட்டா தருவதற்குப் பல பத்தாண்டாக இருந்த ‘பெல்ட் ஏரியா’ தடையைத் தளர்த்தியது அந்த முடிவின் ஒரு பகுதி. அதற்கும் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கும் தனித்தனி விழா, தனித்தனி கோப்பு. ஐம்பது ஆண்டு அனுபவம் சொல்வது இரண்டும் ஒரே கோப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான்.

ஆகவே திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையில் செலவான கோடிகளோடு நான்கு எண்களையும் கேட்க வேண்டும். தவணை முடித்த எத்தனை பேருக்கு விற்பனைப் பத்திரம் எழுதப்பட்டது? இடித்துக் கட்டிய குடியிருப்புகளுக்குப் பழைய குடும்பங்களில் எத்தனை திரும்பி வந்தன, எத்தனை மாதத்தில்? ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அது எந்தத் துறையின் தலைப்பில் இருக்கிறது? வடசென்னையில் புதிதாக அனுமதி பெற்ற புகைக்கூண்டுகள் எத்தனை?

நான்கில் முதல் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் மிக மலிவானது. அதற்குச் சிமெண்டும் கம்பியும் வேண்டாம். நிலம் வைத்திருக்கும் துறைகள் அதை வாரியத்துக்கு மாற்றிக் கொடுக்க ஓர் அரசாணையும், எல்லைக் கல் நட நில அளவையர்களும், பத்திரம் எழுதச் சில மாத வேலையும் போதும். 4,181 கோடியோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. இருந்தும் எல்லா ஆட்சியிலும் கடைசியாகத் தள்ளிப்போடப்பட்ட வேலை அதுதான். காரணம் எளிது: பத்திரம் கையில் உள்ளவர் அடுத்த திட்டத்துக்காகக் காத்திருக்க மாட்டார், கேள்வி கேட்பார். வடசென்னைக்கு வருகிற திட்டம் எதுவானாலும், அந்தக் கேள்வி கேட்கும் உரிமையை முதலில் கொடுக்கிறதா என்று பார்த்துத்தான் அதற்கு மதிப்பெண் போட வேண்டும்.